ஹோட்டலா, பி அண்ட் பி-யா? என் ஓட்டு வீட்டுக்காரருக்கு

வெந்நீர், வைஃபை, சுத்தமான படுக்கை எல்லாம் இப்போது இரண்டிலும் கிடைக்கிறது. நீச்சல் குளமும் ஜிம்மும் நடுராத்திரியில் அறைக்கே சாப்பாடும் வேண்டுமென்றால் ஹோட்டல்தான், அதில் பேச்சே இல்லை. போன பயணத்துக்கு இரண்டையும் பார்த்துவிட்டு, பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் விடுதியை, அதாவது படுக்கையும் காலைச் சாப்பாடும் தரும் சிறிய வீட்டு விடுதியை (சுருக்கமாக பி அண்ட் பி) எடுத்தேன். நடத்துபவர் அதே வீட்டில் குடியிருக்கிறார் என்பதுதான் என்னைச் சாய்த்தது.

ஹோட்டல் ரிசப்ஷனில் ராத்திரி ஒருவர், காலையில் வேறொருவர். குழாய் ஒழுகுவதை இரவு சொல்லியிருந்தாலும் காலையில் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஷிப்ட் வேலை அப்படி. பி அண்ட் பி-யில் புகாரைக் கேட்பவரும் முடிவெடுப்பவரும் ஒரே ஆள். விடியற்காலையில் கிளம்புகிறேன் என்று முந்தின நாளே சொன்னால், காலைச் சாப்பாட்டைக் கட்டி வைத்துவிடுவார். அருங்காட்சியகம் எந்தக் கிழமை மூடியிருக்கும், எந்தப் பாதை மழையில் வழுக்கும் என்பதெல்லாம் அவர் அன்றாடம் புழங்கும் விஷயம். அப்புறம், காலை மேசையில் பக்கத்து அறைக்காரர் நேற்று போய்வந்த இடத்தைப் பற்றிச் சொல்வார். நம் அன்றைய திட்டமே மாறிவிடும்.

ஆனால் வீட்டுக்காரர் சிடுசிடுப்பானவராக இருந்தால் தப்பிக்க வழியில்லை. அதனால் பதிவு செய்யும் முன் ஒரு கேள்வி எழுதிப் பாருங்கள். கேட்டதற்கு நேராகப் பதில் வந்தால் நல்ல அறிகுறி. ரிவ்யூக்களில் அறையைவிட ஆளைப் பற்றி அதிகம் எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

முழு வீட்டை வாடகைக்கு எடுப்பது மூன்றாவது வழி. அப்படி வீடுகளை வாடகைக்குப் பிடித்துத் தரும் இணையதளமான ஏர்பிஎன்பி 2008-ல் தொடங்கியபோது அதன் பெயர் ‘ஏர்பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’. சான்பிரான்சிஸ்கோவில் தாங்கள் குடியிருந்த வீட்டிலேயே காற்று மெத்தை போட்டு ஆட்களைத் தங்கவைத்தவர்கள் ஆரம்பித்தது. இன்று அதில் வரும் பல வீடுகளில் ஆள் இருப்பதில்லை, வாசலில் உள்ள சாவிப் பெட்டியைத் திறக்கும் எண்தான் வரவேற்கிறது. கூட்டமாகப் போய்ச் சமைத்துச் சாப்பிட வசதி. ஓரிரவுக்கு என்றால் சுத்தம் செய்யும் கட்டணமே கையைக் கடிக்கும்.

பணத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 5 அறை உள்ள இடத்தில் ஒருவர் வராவிட்டால் அன்றைய வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. 200 அறை ஹோட்டலுக்கு அது அரை சதவீதம். சிறிய இடங்கள் ரத்து விதியில் கறாராக இருப்பதற்கு இதுதான் காரணம். திட்டம் மாறக்கூடிய பயணம் என்றால் நானே ஹோட்டலுக்குத்தான் போவேன்.

கைக்குழந்தையோடு பி அண்ட் பி-யில் நான் தங்கியதில்லை, அதைப் பற்றி உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. மாடிப்படி ஏற முடியாதவர்கள் தரைத்தள அறை உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பழைய வீடுகளில் பெரும்பாலும் லிஃப்ட் இருக்காது. ராத்திரி வெகுநேரம் கழித்துப் போய்ச் சேருவதானால் அதையும் சொல்லிவிடுங்கள், வீட்டுக்காரரும் தூங்க வேண்டுமே.