மாருதி 800 இன்ஜின் வேலை: ஒரு முறை பட்டறையில், மறுமுறை வீட்டு முற்றத்தில்

என்னிடம் இருப்பது 2002ஆம் ஆண்டு மாருதி 800. இந்த வண்டிக்கு இரண்டு முறை இன்ஜின் வேலை நடந்திருக்கிறது. முதல் முறை, 2012இல், 1,05,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்தேன். இரண்டாம் முறை, 2018இல், 1,43,000 கிலோமீட்டரில் நானே பிரித்துப் பூட்டினேன். அதற்குப் பிறகு 62,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. நான் மெக்கானிக் அல்லன்; வங்கி ஊழியன். இரண்டு வழிகளையும் ஒரே இன்ஜினில் பார்த்தவன் என்பதே இதை எழுத எனக்குள்ள தகுதி.

2012இல் பட்டறையில் 14,000 ரூபாய் வாங்கினார்கள். ஐந்தே நாளில் வண்டியைக் கொடுத்தார்கள். ஆயில் எரிவதைக் காட்டும் நீலப் புகை நின்றுவிட்டதால் நானும் மகிழ்ச்சியாக வாங்கி வந்தேன். மூன்று ஆண்டுகளுக்குள் ஆயில் மறுபடியும் குறையத் தொடங்கியது. 2018 வாக்கில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஊற்ற வேண்டிய நிலை வந்தது. சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்றை வாங்கி நானே சோதித்தபோது மூன்று சிலிண்டர்களிலும் முறையே 115, 125, 90 பி.எஸ்.ஐ. காட்டியது. பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டுச் சோதித்ததும் மூன்றும் 150ஐ ஒட்டி ஏறின. ஆயில் விட்டதும் அளவு ஏறினால் கசிவு பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கிலோ, போர் எனப்படும் சிலிண்டர் துளையிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு வீச்சு புகை வந்து நின்றுவிடும் வண்டிக்குப் பெரும்பாலும் வால்வு சீல் மாற்றினாலே போதும்; அதற்கு முழு இன்ஜினையும் இறக்கச் சொல்பவரிடம் ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள்.

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியதும் விஷயம் விளங்கியது. உள்ளே இருந்தவை ஸ்டாண்டர்டு அளவு பிஸ்டன்கள்; அதாவது சிலிண்டரை யாரும் வெட்டி அகலப்படுத்தவே இல்லை. சிலிண்டரின் மேல் விளிம்பில், ரிங் எட்டாத இடத்தில், நகம் தட்டும் அளவுக்குப் படிக்கட்டு விழுந்திருந்தது. அன்று இரவு 2012ஆம் ஆண்டு பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தேன்: ரிங் செட், பேரிங் செட், கேஸ்கெட் செட், ஆயில், கூலி. சிலிண்டரை வெட்டிக் கொடுக்கும் லேத் பட்டறைக்கான வரியே இல்லை. பட்டறைக்காரர் என்னை ஏமாற்றவில்லை; செய்ததைத்தான் எழுதியிருந்தார். "இன்ஜின் வேலை" என்ற ஒரே சொல்லுக்குள் ரிங் மட்டும் மாற்றுவதும் அடங்கும், முழுதாகப் போர் செய்வதும் அடங்கும் என்பது தெரியாமல் கையெழுத்துப் போட்டது நான்தான். பிஸ்டன் ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டே ஓடுவதால் சிலிண்டர் நாளடைவில் வட்டம் கெட்டு முட்டை வடிவாகிறது. முட்டை வடிவத் துளைக்குள் வட்டமான புது ரிங்கைப் போட்டால் சில காலம் தாங்கும், அவ்வளவுதான்.

ஆகவே, நாமே செய்வதா, பட்டறையில் கொடுப்பதா என்ற கேள்வியிலேயே ஒரு பிழை இருப்பதாக நினைக்கிறேன். நான் விசாரித்த பட்டறைகளில் ஒன்றில்கூடப் போரிங் இயந்திரம் இல்லை. சிலிண்டர்கள் உள்ள பிளாக்கையும், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கையும், ஹெட்டையும் அவர்களும் லேத்துக்குத்தான் அனுப்புகிறார்கள். பிரிப்பதும் பூட்டுவதும் மட்டுமே நமக்கும் பட்டறைக்கும் இடையே பங்கு போடக்கூடிய வேலை. இன்ஜினின் ஆயுளைத் தீர்மானிக்கும் வேலை மூன்றாவது ஆளிடம் நடக்கிறது.

அந்த மூன்றாவது ஆளைத் தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. கடைசியில் நான் கொடுத்த லேத்தில் இருந்த பெரியவர், பிளாக்கை வாங்கி வைக்கவே மறுத்தார். "பிஸ்டன் கையில இல்லாம நான் போர் அடிக்க மாட்டேனுங்க, முதல்ல வாங்கிட்டு வாங்க" என்றார். (நம் ஊரில் போர் அடிப்பது எத்தனை சுவாரசியமான வேலை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.) அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்குரிய இடைவெளியைக் கூட்டித்தான் அந்தந்த சிலிண்டரை வெட்ட வேண்டும். மூன்றாம் சிலிண்டரில் ஒரு கீறல் ஆழமாக இருந்ததால் 0.25 மி.மீ. ஓவர்சைஸ் (அசலைவிடப் பெரிய பிஸ்டன் அளவு) போதாது என்று சொல்லி, மூன்றையும் 0.50க்குக் கொண்டுபோனார். 68.5 மி.மீ. இருந்த போர் 69 ஆனது. இந்த வண்டிக்கு அசல் ஓவர்சைஸ் அதோடு முடிகிறது. இனி ஒரு முறை தேய்ந்தால் துளைக்குள் புது உருளையாக ஸ்லீவ் போடுவதுதான் வழி.

லேத்திலிருந்து வந்த பிளாக்கைக் கழுவுவதற்கு நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட்டேன். வெட்டிய சுவரைக் கல்லால் தேய்த்து ஹோனிங் செய்தபோது உதிர்ந்த கல் துகள் சிலிண்டர் சுவரின் நுண்கோடுகளில் அப்பிக்கொண்டிருக்கும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ அதை முழுதாக வெளியேற்றாது. சுடுநீரும் சோப்பும் பிரஷும் கொண்டு தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவி, காய்ந்த உடனே ஆயில் பூச வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் துரு ஏறிவிடும். நாளொன்றுக்கு நான்கு வண்டிகளைப் பார்க்கும் பட்டறையில் இதற்கு ஒரு நாளை ஒதுக்குவார்கள் என்று எதிர்பார்ப்பது கடினம். சொந்தமாகச் செய்வதன் உண்மையான ஆதாயம் என்று நான் கருதுவது இதைத்தான். கூலி மிச்சம் அதற்கு அடுத்ததே. ஒவ்வொரு ரிங்கையும் சிலிண்டருக்குள் வைத்து ஃபீலர் கேஜால் இடைவெளி பார்த்ததும், பேரிங்குகளின் இடைவெளியைப் பிளாஸ்டிகேஜ் என்ற நசுங்கும் இழையை வைத்து அளந்ததும் அந்த வகைப் பொறுமைதான்.

தவறு செய்யாமல் இல்லை. கிராங்கின் பின்பக்க ஆயில் சீலைப் பொருத்தியபோது அதன் உதடு ஒரு மூலையில் மடிந்துவிட்டது, நான் கவனிக்கவில்லை. வண்டி ஓடிய முதல் வாரத்திலேயே கிளச்சுக்கு அடியில் ஆயில் சொட்டியது. நூற்றைம்பது ரூபாய்ச் சீலுக்காக மறுபடியும் கியர்பாக்ஸை இறக்க நேர்ந்தது. ஒரு மெக்கானிக்கின் விரல் அந்த மடிப்பை உடனே உணர்ந்திருக்கும்.

2018இல் ஒரு பட்டறை, லேத் உட்பட 28,000 ரூபாய் கேட்டது. எனக்கு உதிரிபாகம் 11,500, லேத் 4,200, இன்ஜினைத் தூக்க வாடகைக்கு எடுத்த செயின் பிளாக் 800 ஆனது. டார்க் ரெஞ்ச், ரிங் கம்ப்ரசர் முதலான கருவிகளுக்கு இன்னொரு 9,000. ஆக, நானே செய்த முதல் இன்ஜினில் மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. காலமும் ஐந்து நாளில் முடியவில்லை; வார இறுதிகளில் மட்டும் செய்ததால் பதினொரு வாரம் பிடித்தது. வேலைக்குப் போய்வர என்னிடம் ஸ்கூட்டர் இருந்தது. காரை நம்பித்தான் அன்றாடம் என்ற நிலையிலிருப்பவர், கருவிகளை வாங்கத் தொடங்கும் முன் இந்தப் பதினொரு வாரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாற்றிவிடலாம் என்று நண்பர்கள் யோசனை சொன்னார்கள். ஆர்.சி.யில் இன்ஜின் எண் பதிவாகியிருப்பதால் அதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்புதல் பெற வேண்டும். சொந்த பிளாக்கையே சரிசெய்தால் அந்த அலைச்சல் இல்லை. பதினைந்து ஆண்டு தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது; இப்போதைய கட்டணத்தைக் கேட்டு அதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைய நிலை: கம்ப்ரஷன் 165, 165, 160. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன். இடையில் கால் லிட்டருக்கு மேல் ஊற்றியதில்லை. நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கிறது.

சென்ற மாதம் என் மைத்துனர் தம் டீசல் காருக்கு இன்ஜின் வேலை வந்திருக்கிறது என்றும், இரண்டு பேரும் சேர்ந்து செய்வோமா என்றும் கேட்டார். டர்போவும் காமன் ரெயிலும் உள்ள அந்த இன்ஜினைத் தொட எனக்குத் துணிவில்லை. அவரும் தினமும் அறுபது கிலோமீட்டர் ஓட்டுபவர். பட்டறையிலேயே கொடுக்கச் சொன்னேன். லேத் பில்லைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், எந்த அளவுக்குப் போர் செய்தார்கள் என்று அதில் எழுதச் சொல்லுங்கள், கழற்றிய பழைய பிஸ்டன்களை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன்.