கிரசோவ்ஸ்கியா, ரசுமிகினா? தாமதம் உள்ள அமைப்புகளில் நிலைத்தன்மையை அலச எது கைகொடுக்கும்

தாமதம் உள்ள அமைப்பில் ‘நிலை’ என்பது இந்த நொடியின் மதிப்பு மட்டுமல்ல. தாமத நேரம் முழுவதன் வரலாறும் சேர்ந்ததுதான். அதனால் வழக்கமான லியாபுனோவ் சார்பு (ஆற்றல்போலக் குறைந்துகொண்டே வந்து, அமைப்பு அடங்குவதைக் காட்டும் சார்பு) இங்கே அப்படியே எடுபடாது. 1956 வாக்கில் சோவியத் கணிதவியலாளர்கள் இருவர் இதற்கு வழி சொன்னார்கள். கிரசோவ்ஸ்கி அந்த வரலாற்றைத் தொகையிட்டு ஒரே ஃபங்ஷனலுக்குள் (முழு வரலாற்றையும் வாங்கி ஓர் எண்ணைத் தருவது) அடக்கினார். ரசுமிகின் பழைய சார்பையே வைத்துக்கொண்டு, அது தன் அண்மை உச்சத்தைத் தொடும் தருணங்களில் குறைந்தால் போதும் என்றார்.

உரசிப் பார்க்க எளிய சமன்பாடு ஒன்று: மாறும் வேகம், தாமதத்துக்கு முந்தைய மதிப்பின் எதிர்மறை. தாமதம் எதுவரை போனாலும் இது நிலைத்திருக்கும் என்பதற்குத் துல்லியமான எல்லை தெரியும்: π-இல் பாதி, 1.5708. ரசுமிகின் வழியில் தாமதம் 1க்குக் கீழே இருக்கும்வரைதான் நிரூபிக்க முடிகிறது. கிரசோவ்ஸ்கி வழியில் இரட்டைத் தொகையீட்டுடன் ஜென்சன் சமனின்மையை (தொகையீட்டின் வர்க்கத்தை, வர்க்கத்தின் தொகையீட்டால் கட்டுப்படுத்துவது) சேர்த்தால் 1.414, அதாவது 2இன் வர்க்கமூலம். கணக்கு அரைப் பக்கம்தான், போட்டுப் பாருங்கள்.

ஆனால் இது மாறாத தாமதத்துக்கு. நெட்வொர்க் வழிக் கட்டுப்பாட்டில் தாமதம் தாறுமாறாக ஏறி இறங்கும். அப்போது, கிரசோவ்ஸ்கி ஃபங்ஷனலில் கடந்த மதிப்புகளின் வர்க்கத்தைத் தொகையிடும் உறுப்பைக் கைவிட வேண்டிவரும். கைவிட்டால் அதே கணக்கு 1க்கு இறங்கிவிடுகிறது. ரசுமிகினின் 1 அசையாமல் நிற்கிறது. நுணுக்கமான ஃபங்ஷனல்கள் மேலே கொண்டுபோகும், ஆனாலும் இங்கே உண்மையான உச்சவரம்பே 1.5தான்.

சமநிலையின் அருகே நேரியல் சமன்பாடாகத் தோராயமாக்கிப் பார்த்தால் போதாதா? மக்கள்தொகைக்கு ஹட்சின்சன் 1948இல் தந்த சமன்பாட்டைப் பாருங்கள். வளர்ச்சி வீதத்தைத் தாமதத்தால் பெருக்கினால் வரும் எண் 1.5708க்குக் கீழே இருந்தால், சமநிலையின் அருகே எல்லாம் அடங்கும். தொலைவில் தொடங்கினால்? 1.5 வரை எந்த நேர்மதிப்பில் தொடங்கினாலும் அடங்கும் என்று ரைட் 1955இல் நிரூபித்தார். மிச்சமிருந்த அந்தச் சிறு இடைவெளி, 2018இல் வான் டென் பெர்க்கும் ஜாக்கெட்டும் கணினி உதவியோடு தந்த நிரூபணத்தில்தான் முழுதாக அடைபட்டது.

தாமதம் மாறாதது, அமைப்பும் நேரியலுக்கு நெருக்கம் என்றால் நான் தயங்காமல் கிரசோவ்ஸ்கியைத்தான் எடுப்பேன். அதன் நிபந்தனைகள் அணிச் சமனின்மைகளாக வரும், அவற்றை மென்பொருளே தீர்த்துவிடும். நேரியலற்ற தன்மை கடுமையாக இருந்தால் முதலில் ரசுமிகின். அங்கே பொருத்தமான ஃபங்ஷனல் உண்டு என்று தேற்றம் சொன்னாலும், அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.