குன்னூர் வீட்டுக்கு ஒரு 600 விஏ யுபிஎஸ்: ராத்திரி கணினியை ஓட விடலாமா?

வீட்டுக் கணினியை அணைக்காமல் விடலாமா என்று சமவெளியில் கேட்டால் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசுவார்கள். குன்னூரில் அதற்கு முன்னால் கரண்ட் எப்போது போகும் என்று யோசிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கம் நன்றாகவே பெய்யும். அக்டோபர், நவம்பரில் காற்றடித்து ஒரு கற்பூர மரக்கிளை கம்பியில் விழுந்தால் அந்த வரிசை முழுக்க இருட்டுதான். அதனால்தான் இந்த யுபிஎஸ் வாங்கினோம். 600 விஏ, 360 வாட், உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் ஈய-அமில பேட்டரி, விலை மூவாயிரத்துச் சொச்சம்.

பகல் வேலைக்கு அருமையாக இருக்கிறது. வீட்டில் பச்சைத் தேயிலைக் கணக்கு எக்ஸெலில்தான் போடுகிறோம். பாதிக் கணக்கில் கரண்ட் போனாலும் திரை அப்படியே நிற்கிறது. கணினி, மானிட்டர், மோடம் மூன்றையும் சுமார் கால் மணி நேரம் தாங்குகிறது, சேமித்துவிட்டு அணைக்க அது தாராளம். சாயங்காலம் எல்லா வீட்டிலும் கீசர் போடும்போது வோல்டேஜ் இறங்குமே, அப்போதும் பேட்டரியைத் தொடாமல் தானே ஏற்றிக் கொடுக்கிறது. உள்ளே டிக் என்று சத்தம் வரும், அது ரிலே என்ற தானியங்கி சுவிட்ச், பயப்பட வேண்டாம்.

ஆனால் ராத்திரி ஓட விடுகிறவர்கள் இதை வாங்காதீர்கள். இதில் யுஎஸ்பி போர்ட் இல்லை, அதாவது கரண்ட் போனது கணினிக்குத் தெரியவே தெரியாது. எல்லோரும் தூங்கும்போது யுபிஎஸ் கத்திக்கொண்டே இருக்கும், கால் மணி நேரம் கழித்துக் கணினி பொசுக்கென்று நின்றுவிடும், யுபிஎஸ் இல்லாமல் நிற்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? யுஎஸ்பி உள்ள மாடலைக் கணினியோடு இணைத்தால் விண்டோஸ் அதை லேப்டாப் பேட்டரி மாதிரியே பார்க்கும். சார்ஜ் குறைந்ததும் திறந்திருப்பதை எல்லாம் டிஸ்கில் எழுதிவிட்டு ஹைபர்னேட் ஆகும்படி வைத்துக்கொள்ளலாம். கூடுதல் காசு அதற்குத்தான் கொடுக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், ராத்திரி ஓடத்தான் வேண்டுமா என்று பாருங்கள். அணைக்காமல் 24 மணி நேரமும் சும்மா இருக்கும் டெஸ்க்டாப் 60 வாட் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.44 யூனிட், இரண்டு மாத பில்லில் 86 யூனிட். இலவச 100 யூனிட்டில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். ஸ்லீப்பில் போட்டால் இரண்டு மூன்று வாட்தான், இரண்டு மாதத்துக்கு ஐந்து யூனிட்கூட வராது. அடிக்கடி அணைத்துப் போட்டால் கெட்டுவிடும் என்பது பழைய ஹார்ட் டிஸ்க் காலத்துப் பேச்சு. அதில் மோட்டார் சுழலத் தொடங்கும் நேரம்தான் கஷ்டமானது, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. பனிமூட்டத்தில் ஈரம் படியாமல் இருக்க ஓடட்டும் என்பார்கள், அதில் உண்மை இருக்கிறது, பெட்டி அறையைவிடக் கொஞ்சம் சூடாக இருந்தால் நீர் கோக்காது. ஆனால் பகலில் சில மணி நேரம் ஓடும் கணினிக்கு அது போதும் என்பது என் கருத்து.

இடிக்கு மட்டும் எந்த யுபிஎஸ்ஸையும் நம்பாதீர்கள். பக்கத்தில் மின்னல் இறங்கினால் இந்தச் சின்னப் பெட்டி தாங்காது. வானம் கறுக்கும்போதே, இடி தொடங்குவதற்கு முன்னால், பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள், செம்புக் கம்பியில் இணையம் வருகிறது என்றால் அதையும் சேர்த்து. ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் மோடம் அடாப்டர் சுவரில்தானே இருக்கிறது.

அப்புறம், குளிரில் இந்த வகை பேட்டரி கொஞ்சம் குறைவாகத்தான் நிற்கும், உறைபனி விழும் ஜனவரிக் காலையில் கால் மணி நேரத்தை எதிர்பார்க்காதீர்கள். வெயில்தான் பேட்டரியைச் சீக்கிரம் கொல்லும் என்பதால் மொத்த ஆயுளில் நமக்கு லாபம். வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள், கடையில் மாதக்கணக்கில் கிடந்தது என்றால் வேறு கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் எட்டு மணி நேரமாவது சார்ஜ் ஏறிய பிறகு கணினியை மாட்டுங்கள்.