வெள்ளைப்புள்ளிக்குக் காப்பரா, உப்புக் குறைப்பா, தொட்டி மாற்றமா? வேலூர் வெயிலில் எது தாங்கும்

ஆற்றில் தண்ணீர் இல்லை என்று ஊரே கேலி பேசும் வேலூரில் உட்கார்ந்துகொண்டு கடல் மீன் வளர்க்கிறோம். அதனால் குளிர்ந்த ஊர்க்காரர்கள் எழுதிவைத்த வைத்தியத்தை அப்படியே இங்கே இறக்கினால், சில சமயம் மீனுக்கு முன்னால் வைத்தியம் படுத்துவிடும். சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வாங்கி ரயிலில் காட்பாடி வரைக்கும் பாக்கெட்டில் குலுங்கி வந்த மீனுக்கு ஒரு வாரத்தில் உடம்பெல்லாம் ரவை தூவிய மாதிரி ஆனதும், எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த மருந்து நல்லது? நான் திருப்பிக் கேட்பது, உங்களிடம் அளந்து பார்க்க என்ன இருக்கிறது?

முதலில் எதிரி யார் என்று தெரிய வேண்டும். தனித்தனியாக எண்ணக்கூடிய வெள்ளைப் புள்ளி என்றால் பெரும்பாலும் கிரிப்டோகேரியன், அதாவது கடல் வெள்ளைப்புள்ளி என்கிற ஒட்டுண்ணி. இது மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து உட்கார்ந்துவிடும், அங்கே எந்த மருந்தும் அதைத் தொடாது. மூன்று முதல் ஏழு நாள் தின்று கொழுத்துவிட்டு, பெரும்பாலும் இருட்டு நேரத்தில் உதிர்ந்து, தரையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக் கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பெருகி, திரும்ப நீந்தி வரும். அந்த நீந்தும் குஞ்சைத்தான் நாம் கொல்ல முடியும். புள்ளி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துகிறவர்கள், அது கூட்டுக்குப் போயிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வெல்வெட் என்பது வேறொரு ஒட்டுண்ணி நோய். அதை எண்ணவே முடியாது. ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு மீனின் பக்கவாட்டில் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள், மங்கலான தங்க நிறத் தூசு படிந்த மாதிரி தெரிந்தால், மீன் வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டு பவர்ஹெட் (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் மோட்டார்) தண்ணீர் அடிக்கும் இடத்திலேயே போய் நின்றால், அது வெல்வெட். வெள்ளைப்புள்ளி கொஞ்சம் அவகாசம் தரும், இது சில நாளில் தொட்டியைக் காலி செய்துவிடும், அதுவும் வெப்பத்தில் இன்னும் வேகமாக.

இனி வைத்தியங்கள். எல்லாமே தனி டப்பில்தான், பவளமும் லைவ் ராக்கும் (உயிரிகள் குடியிருக்கும் கடல் பாறை) இருக்கிற பெரிய தொட்டியில் எதையும் ஊற்றாதீர்கள்.

காப்பர்தான் பழைய ஆள். கெட்ட பெயரும் அதற்குத்தான் அதிகம், ஆனால் வெள்ளைப்புள்ளி, வெல்வெட் இரண்டையும் பிடிக்கும், முக்கியமாக டெஸ்ட் கிட் வைத்து அளக்க முடியும். இதில் இரண்டு வகை. அயனி காப்பர் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். கீலேட் செய்தது, அதாவது வேறொரு சேர்மத்தோடு பிணைத்தது, என்றால் பிராண்டைப் பொறுத்து 1.5 முதல் 2.5 வரை, புட்டியில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. இரண்டையும் குழப்பி, அயனி காப்பரை 2.0க்கு ஏற்றினால் மீன் மிஞ்சாது. அயனி வகை கடல் நீரின் காரத்தன்மையில் வீழ்படிவாகி இறங்கிக்கொண்டே போகும், தினமும் அளந்து தினமும் ஈடுகட்ட வேண்டும். கீலேட் வகை நிலையாக நிற்கும், ஆனால் சில கிட் அதைச் சரியாகக் காட்டாது, வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

இங்கே ஒரு நாட்டு யோசனை அடிக்கடி வரும்: மயில்துத்தம் காப்பர் சல்ஃபேட்தானே, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்குமே என்று. சரி, கணக்குப் போடுங்கள். 100 லிட்டருக்கு 0.2 அளவு வரவேண்டுமென்றால் மயில்துத்தம் சுமார் 79 மில்லிகிராம் போதும், ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சமையலறைத் தராசில் அது விழவே விழாது, சிட்டிகைக் கணக்கில் போட்டால் பல மடங்கு ஏறிவிடும். அதோடு அது எவ்வளவு சுத்தம் என்று யாருக்குத் தெரியும்? அந்த யோசனையை நான் அங்கேயே விட்டுவிடுவேன்.

காப்பரில் நம் ஊர்ச் சிக்கல் ஆவியாதல். மே மாதம் டப்பின் மேல் ஃபேன் வைக்காமல் இருக்க முடியாது, ஃபேன் வைத்தால் தண்ணீர் குறையும், குறைந்தால் காப்பர் அளவும் உப்பும் சேர்ந்தே ஏறும். காலையில் ஒரு கோடு போட்டுவைத்து, குறைந்த அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றினால் தீர்ந்தது. போர் தண்ணீரை ஊற்றவே வேண்டாம், பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விஷயம், அந்தத் தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று யூகித்துக்கொண்டு இருப்பதற்கு ஆர்ஓ மலிவு. இன்னொன்று, காப்பர் இருக்கிற டப்பில் அம்மோனியா கட்டுப்படுத்தும் திரவங்களைச் சேர்க்காதீர்கள், அவை காப்பரைப் பிரித்து விஷமாக்கக்கூடும். அம்மோனியாவுக்கு, ஏற்கெனவே ஓடி நல்ல பாக்டீரியா பிடித்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றைப் போடுங்கள், தண்ணீர் மாற்றுங்கள். மாண்டரின், லயன் மீன், பஃபர் மாதிரியான மென்தோல் மீன்களுக்கு இது கடுமை. சுறா, திருக்கை வகைக்கு வேண்டவே வேண்டாம்.

உப்புக் குறைப்பு காகிதத்தில் பார்த்தால் வேலூருக்கென்றே செய்தது போல இருக்கும். தண்ணீரின் ஒப்படர்த்தியை (உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) இரண்டு நாளில் 1.009க்கு இறக்கி, ஒரு மாதம் அப்படியே வைப்பது. மருந்தில்லை, உப்புச் செலவு பாதிக்கும் கீழே, கூடுதலாக உப்புக் குறைந்த தண்ணீர் ஆக்சிஜனை அதிகம் பிடித்து வைக்கும். முழு உப்புக் கடல் நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் வைத்திருக்கும், 30 டிகிரியில் அது 6.2க்கு இறங்கிவிடும், அந்த இழப்பை உப்புக் குறைப்பு ஈடு செய்கிறது. இஸ்ரேலின் எய்லாட்டில் இருந்த ஆய்வாளர் கொலோர்னி 1985லேயே வளர்ப்பு மீனில் குறைந்த உப்பை வைத்து வெள்ளைப்புள்ளியைக் கட்டுப்படுத்திக் காட்டினார், ஆகவே இது வெறும் கைப்பக்குவம் இல்லை.

ஆனால் 1.009 என்றால் 1.009தான், 1.011 இல்லை. 40 லிட்டர் டப்பில் இரண்டு நாளில் 4 லிட்டர் ஆவியானால் அளவு 1.010க்கு ஏறிவிடும், அப்புறம் நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். கண்ணாடி மிதவையை நம்பி இதைச் செய்யக்கூடாது, சரிபார்த்த ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி விலகலை வைத்து உப்பை அளக்கும் கருவி) வேண்டும். குறைந்த உப்பையும் தாங்கும் வெள்ளைப்புள்ளி ரகங்கள் பதிவாகியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, வெல்வெட்டுக்கு இது ஒன்றும் செய்யாது, மிகக் குறைந்த உப்பிலும் அது பிழைத்துக்கொள்ளும். நோய் எது என்பதில் துளி சந்தேகம் இருந்தாலும் இந்த வழியில் போகாதீர்கள். சனி ஞாயிறு ஊருக்குப் போகிறவர்களும் போக வேண்டாம்.

தொட்டி மாற்றம் எனக்குப் பிடித்தது, காரணம் அதில் நம்ப வேண்டியது கடிகாரத்தை மட்டும்தான். உதிர்ந்து கூடு கட்டிய ஒட்டுண்ணி திரும்ப வெளியே வர குறைந்தது மூன்று நாளாகும், அதற்குள், 72 மணி நேரம் தாண்டாமல், மீனை மட்டும் பிடித்துப் புது டப்பில் விட்டுவிடுவது. கூடுகள் பழைய டப்பில் நிற்கும், மீன் போய்விட்டிருக்கும். 3, 6, 9, 12 என்று நான்கு மாற்றம், பன்னிரண்டு நாளில் முடிந்தது. மூன்று நாளுக்கொரு முறை முழுத் தண்ணீரும் மாறுவதால் அம்மோனியா தலைவலியும் குறைவு, ஒரு ஏர் ஸ்டோன், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி முழங்கை, அவ்வளவுதான். கரண்ட் போனாலும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று தாங்கிவிடும்.

நம் வெயில் உருப்படியாக உதவுகிற இடமும் இதுதான். காலி செய்த டப், ஏர் ஸ்டோன், குழாய் எல்லாவற்றையும் கழுவி மொட்டைமாடியில் ஒரு நாள் கிடத்திவிட்டால் எலும்பு மாதிரி காய்ந்துவிடும், எந்தக் கூடும் பிழைக்காது. செலவு உப்பில்தான்: லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் என்றால் 40 லிட்டருக்கு ஒன்றரை கிலோ, ஐந்து முறை நிரப்ப ஏழரை கிலோ. கிளவுன், டாம்சல் மாதிரி சின்ன மீனுக்கு இது சரி, முழங்கை நீள டேங் மீனைப் பிடித்துப் பிடித்து மாற்றுவது இருவருக்கும் தண்டனை. வெல்வெட்டுக்கு இதையும் நம்ப முடியாது.

மலேரியா மருந்தான குளோரோகுயின் பற்றிச் சொல்லாமல் விட்டால் கேட்பீர்கள், நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் பேர் போன ஊர், தடுக்கி விழுந்தால் மெடிக்கல் ஷாப். குளோரோகுயின் பாஸ்பேட் லிட்டருக்கு 10 முதல் 15 மில்லிகிராம், வெல்வெட்டையும் வெள்ளைப்புள்ளியையும் பிடிக்கும், பல மீன்கள் காப்பரைவிட இதை எளிதாகத் தாங்கும். 250 மில்லிகிராம் மாத்திரை நான்கு போட்டால் 100 லிட்டருக்குக் கணக்கு வருகிறது என்பது ஆசை காட்டும். ஆனால் மாத்திரையில் மாவும் பூச்சும் கலந்திருக்கும், தண்ணீர் கலங்கும், மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்குவதும் முறையல்ல. இதை வீட்டில் அளக்க டெஸ்ட் கிட் கிடையாது. தண்ணீரில் அது இன்னும் இருக்கிறதா, பாதி சிதைந்து போனதா என்று கடைசி நாள் வரை தெரியாது. சுத்தமான பொடியும், வழிகாட்ட ஒரு கால்நடை மருத்துவரும் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம். எதுவானாலும் டப்பாவில் மீன் மருந்து என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், 2020 மார்ச்சில் அரிசோனாவில் மீனுக்கு வைத்திருந்த குளோரோகுயினைக் கொரோனாவுக்கென்று விழுங்கி ஒருவர் இறந்தே போனார்.

பூண்டுச் சாறு, பவளத்துக்குப் பாதுகாப்பான மூலிகை மருந்து என்பதெல்லாம் மீனுக்குப் பசியைக் கிளப்பலாம், ஒட்டுண்ணியை ஒழிக்காது. நன்னீர் மீன் வளர்த்த பழக்கத்தில் ஹீட்டரைக் கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், கடல் வெள்ளைப்புள்ளிக்கு அது வேலை செய்யாது, கத்திரி வெயிலில் அந்த யோசனையே வேண்டாம்.

புள்ளியே இல்லாமல் மீன் உரசிக்கொண்டு, கண் மங்கினால் அது தட்டைப்புழுவாக இருக்கலாம். இதற்குக் காப்பர் உதவாது, பிராசிகுவாண்டல்தான் மருந்து, லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம். முட்டையை அது கொல்லாததால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. சந்தேகத்தைத் தீர்க்க நன்னீர் முழுக்கு போதும்: குளோரின் நீக்கி, டப்பின் வெப்பத்துக்கும் காரத்தன்மைக்கும் (pH) சரிசெய்த நன்னீரைக் கறுப்பு வாளியில் எடுத்து, ஏர் ஸ்டோன் போட்டு, மீனை ஐந்து நிமிடம் விடுங்கள். உடம்பில் கண்ணாடி மாதிரி தெரியாமல் இருந்த புழு வெளுத்து, சில மில்லிமீட்டர் வெள்ளைத் தட்டாக வாளி அடியில் உதிரும். மீன் சாய்ந்து படுத்துத் தவித்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

ஆக, வெள்ளைப்புள்ளி என்று உறுதி, மீனும் சின்னது என்றால் தொட்டி மாற்றம். சந்தேகம் இருந்தால், டேங் மாதிரி பெரிய மீன் என்றால், கீலேட் காப்பரும் அதற்கேற்ற டெஸ்ட் கிட்டும். உப்புக் குறைப்பு எனக்கு மூன்றாம் இடம், வீட்டில் எப்போதும் ஆள் இருக்கிறவர்களுக்கு.

மீன் எல்லாம் டப்பில் இருக்கும்போது பெரிய தொட்டி மீனில்லாமல் காத்திருக்க வேண்டும். ஒரு கூடு 72 நாள் வரை தாக்குப்பிடித்த பதிவு உண்டு, அதை வைத்துத்தான் 76 நாள் என்று சொல்கிறார்கள். அந்த நாட்களில் இறாலுக்கும் பவளத்துக்கும் வழக்கம் போலத் தீனி போட்டுக்கொண்டிருக்கலாம், ஆனால் டப்பில் நனைத்த கையையோ வலையையோ காயாமல் அந்தத் தொட்டிக்குள் விட்டால் 76 நாளும் மறுபடி ஒன்றிலிருந்து.