மூலிகைச் சாற்றைச் சோதிக்க: செல் லைனா, முதன்மை செல்லா?

ஆய்வைத் தொடங்குகிற பலரும் தடுமாறும் இடம் இது.

செலவு: ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகிக்கொண்டே இருக்கும் செல் வகையான செல் லைன் மலிவு, திசுவிலிருந்து நேரடியாகப் பிரிக்கும் முதன்மை செல் கையைக் கடிக்கும்.

ஆயுள்: 1951-இல் எடுத்த ஹீலா என்ற செல் லைன் இன்றும் பெருகுகிறது. முதன்மைக் கல்லீரல் செல்களோ தட்டில் சில நாட்களிலேயே தம் இயல்பை இழக்கத் தொடங்கும்.

நம்பகம்: எனக்கு இதுதான் முக்கியம். ஹெப்ஜி2 என்ற செல் லைன் கல்லீரல் புற்றுநோய் செல். மருந்தைச் சிதைக்கும் நொதிகள் அதில் மிகக் குறைவு. சாறு உடலுக்குள் என்னவாக மாறும் என்பதை அது காட்டாது.

பல சாறுகளைச் சலித்தெடுக்க செல் லைன் போதும். கல்லீரலுக்குக் கேடா என்று பார்க்க முதன்மை செல்தான் சரி.

எதுவானாலும், சோதனைத் தட்டில் செல்லே இல்லாத ஒரு குழியில் சாற்றோடு எம்டிடி (உயிருள்ள செல் மஞ்சளிலிருந்து ஊதாவாக மாற்றும் சாயம்) சேர்த்துப் பாருங்கள். மஞ்சள் ஊதாவானால் நிறத்தை மாற்றுவது சாறுதான், உயிருள்ள செல் அல்ல.