குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஏசி: ஊருக்கு வந்து வாங்கி மாட்டுபவர்கள் கவனிக்க வேண்டியவை

நம்ம மாவட்டத்தில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை வாட்டும். பகல் வெப்பம் பெரும்பாலும் 35 டிகிரியை ஒட்டி நின்றுவிடும், காற்றில் ஈரம் மட்டும் வருடம் முழுக்கக் குறையாது. வளைகுடாவில் இருந்து விடுமுறைக்கு வருபவர்கள் 48 டிகிரி வெயில் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளுக்குள் போகிறார்கள். வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்ததும் கடையில் முதலில் காட்டுவது 2 டன் மாடலைத்தான், இல்லாவிட்டால் குளிரும் சூடும் சேர்ந்து தரும் மாடலை. சமவெளியிலும் கடற்கரையிலும் ராத்திரி வெப்பம் 20-க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். சூடாக்கும் வசதிக்குக் கொடுக்கும் பணம் வீண். நம்ம வீட்டில் சூடு வேண்டியது குளிக்கிற தண்ணீருக்குத்தான், அதற்கு 15 லிட்டர் ஹீட்டர் போதும்.

முதலில் அளவு. 120 சதுர அடி படுக்கையறை, மேலே இன்னொரு மாடி இருந்தால் 1 டன் போதும். அதே அறைக்கு மேல் மொட்டை மாடி வெயில் நேராக விழுந்தால், அல்லது அறை 150 முதல் 180 சதுர அடி இருந்தால் 1.5 டன். தேவைக்கு மேல் பெரிய மெஷின் வைத்தால் அறை சட்டென்று குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும், காற்றில் உள்ள ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் கிடைக்காது. சில்லென்று இருக்கும், ஆனால் போர்வை நமத்துப்போகும், அலமாரித் துணியில் பூஞ்சை பிடிக்கும். எனவே சரியான அளவில் இன்வெர்ட்டர் மாடல் (தேவைக்கேற்ப கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) எடுங்கள். குறைந்த வேகத்தில் நிற்காமல் ஓடினால்தான் ஈரம் தொடர்ந்து வடியும். மழைக்காலத்தில் ஈரத்தை இழுப்பதற்கென்றே உள்ள டிரை மோடு மட்டுமே போதுமானதாக இருக்கும்.

மாடி வீட்டுக்கு மேலே ட்ரஸ் (இரும்புச் சட்டம்) அடித்து ஷீட் போட முடிந்தால் அதை முதலில் செய்யுங்கள். ராத்திரி 11 மணி வரை கான்கிரீட் கக்கும் வெக்கை அதோடு அடங்கும், 1.5 டன் கேட்ட அறை 1 டன்னிலேயே அடங்கலாம். ஓட்டு வீடு என்றால் சீலிங் அடித்து இடுக்குகளை அடைக்காமல் ஏசி வாங்கவே வேண்டாம்.

மின்சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் விஷயத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டிக்கரில் இருக்கும் வருட யூனிட் 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. 1.5 டன்னில் 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் அதில் சுமார் 200 யூனிட் வித்தியாசம் வரும். வருடத்தில் இரண்டு மாதம், ராத்திரி 8 மணி நேரம் ஓட்டினால் 480 மணி நேரம்தான், மிச்சம் 60 யூனிட். யூனிட்டுக்கு 10 ரூபாய் வைத்தாலும் வருடம் 600 ரூபாய். அதற்காகப் பல ஆயிரம் கூடக் கொடுப்பதில் அர்த்தமில்லை. அப்பா அம்மா வருடம் முழுக்க அங்கே இருக்கிறார்கள் என்றால் கட்டாயம் 5 ஸ்டார். மின்வாரியக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்குக் கிடைக்கும் சலுகையும் போய்விடும், கூடிய யூனிட்டுக்கு மட்டும் காசு கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதைப் பாருங்கள்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி என்று கடலோரத்தில் வீடு இருந்தால் உப்புக்காற்றுதான் பெரிய எதிரி. வெளி யூனிட்டின் காப்பர் குழாயும் அலுமினியத் தகடும் சேரும் இடத்தில் உப்பீரம் பட்டதும் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். தகட்டைக் கையால் தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிரும். அரிப்பைத் தடுக்கும் பூச்சுள்ள தகடு இருக்கிற மாடலைக் கேட்டு வாங்குங்கள், கடலைப் பார்த்த சுவரில் வெளி யூனிட்டை மாட்டாதீர்கள். கடையில் இலவசமாகத் தரும் இரும்பு ஸ்டாண்டில் முதலில் துரு ஏறுவது போல்ட் தலையில்தான். அதனால் ஸ்டாண்டு, போல்ட், வாஷர் மூன்றையும் எஸ்எஸ் 304 என்ற துருப்பிடிக்காத ஸ்டீலில் தனியாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவான வேகத்தில் தகட்டின் மேல் விட்டுக் கழுவ வேண்டும். உப்புச் சுவையுள்ள போர் தண்ணீரில் கழுவாமல் இருப்பதே மேல். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் பிரச்சினை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்று ஃபேன் தள்ளும் சூட்டைத் திருப்பி உள்ளே அடிக்கும். யூனிட்டின் முகத்தை வடக்கு அல்லது தெற்குப் பக்கம் வையுங்கள்.

மாட்டுகிற அன்று பக்கத்திலேயே நில்லுங்கள். எல்லாம் கெடுவது அந்த இரண்டு மணி நேரத்தில்தான். குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வெக்யூம் பம்பு கொண்டு வந்திருக்கிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள். “அதெல்லாம் வேண்டாம்ணே, கொஞ்சம் கேஸ் விட்டா காத்து வெளிய போயிரும்” என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். குழாயில் தங்கும் ஈரம் கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகும், பல ஏசிகளில் குளிரூட்டும் ஆர்-32 கேஸ் தீப்பற்றக்கூடியதும்கூட. பம்பு குறைந்தது 20 நிமிடம் ஓட வேண்டும். பிறகு வால்வை மூடிவிட்டுப் பத்து நிமிடம் கேஜ் முள்ளைப் பாருங்கள். முள் மேலே ஏறினால் எங்கோ கசிவு, அநேகமாகக் குழாய் முனையை விரித்து நட்டில் முறுக்கிய இடத்தில் இருக்கும். அதை வெட்டி மறுபடி விரிக்கச் சொல்லுங்கள், வெறுமனே இறுக்கினால் நட்டில் விரிசல் விழும். மெஷினோடு வருவது பெரும்பாலும் 3 மீட்டர் குழாய், அதற்கு மேல் அடிக்கணக்கில் காசு. எனவே விலையை முன்பே எழுதி வாங்குங்கள். ஏசித் தண்ணீர் வடியும் குழாய்க்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். உள் யூனிட் தட்டில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி வெளியே வருகிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

கரண்ட் லைன் தனியாக வேண்டும்: 1 டன்னுக்கு 2.5, 1.5 டன்னுக்கு 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், தனி எம்சிபி (கோளாறு வந்தால் தானே அணையும் சுவிட்ச்). நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடுதலாகக் காட்டினால் எர்த் குழியைச் சரிசெய்த பிறகே மெஷினை ஓட்டுங்கள். ஸ்டெபிலைசர் வேண்டாம் என்ற விளம்பரம், பெட்டியில் போட்டிருக்கும் வோல்ட்டேஜ் எல்லைக்குள் மட்டுமே செல்லும். சாயங்காலம் லைட் மங்குகிற ஊர்ப்பக்கத்தில் ஒன்று வைப்பது நல்லது.

வாரண்டியை உங்கள் வெளிநாட்டு நம்பரில் பதியாதீர்கள், ஊரில் இருக்கும் ஆளின் நம்பர் கொடுங்கள். புகார் முடிந்ததற்கான ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். வேலை பாதியில் நிற்கும்போதே “ஓடிபி சொல்லுங்கம்மா” என்று கேட்டு, புகாரை மூடிவிட்டுப் போகிற வழக்கம் இருக்கிறது. குளிர் வருவதைப் பார்த்த பிறகே ஓடிபி என்று வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள். மார்ச் முதல் மே வரை ஆள் கிடைப்பது கஷ்டம். எந்த மாதமானாலும், விமானம் ஏற ஒரு வாரம் முன்னதாகவே மாட்டி முடித்துவிட்டால் கோளாறு நீங்கள் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

வீட்டைப் பூட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஃபேன் மோடில் மட்டும் ஓட்டி உள் யூனிட்டைக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை நாற்றம் வரும். எம்சிபியை அணையுங்கள், ரிமோட் பேட்டரியைக் கழற்றுங்கள். தண்ணீர்க் குழாய் முனையில் கொசுவலைத் துண்டைக் கட்டிவிட்டால் குளவி கூடு கட்டாது. சுவர் ஓட்டையைச் சுற்றி எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்கள். பல்லி புகுந்து போர்டில் விழுந்து ஷார்ட் ஆவது நம்ம ஊரில் சாதாரணம். சாவி வைத்திருப்பவரிடம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் குளிர் மோடில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.