சின்ன வட்டாரத்தில் லேப் டெக்னீஷியன் வேலை: ஆலையா, தனியார் டெஸ்டிங் லேபா, தண்ணீர் லேபா?

பெரிய நகரத்தில் ஒரு லேப் பிடிக்கவில்லையென்றால் அடுத்த தெரு லேபுக்குப் போகலாம். சின்ன வட்டாரத்தில் மொத்த லேப்களையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். யாராவது ஓய்வு பெற்றால்தான் ஓர் இடம் காலியாகும். அதுவும் விளம்பரம் வருவதற்குள் வாய்வழியாகவே நிரம்பிவிடும். அதனால் சம்பளத்தை ஒப்பிடுவதற்கு முன் நான் வேறொன்றைப் பார்ப்பேன்: அந்த லேபுக்கு வரும் சாம்பிளை ஐஸ் பெட்டியில் வைத்து வெளியூருக்கு அனுப்பிவிட முடியுமா? முடியுமென்றால் அந்த வேலையும் ஒருநாள் அதே வண்டியில் ஏறிவிடும்.

முதலில் ஆலை. அதிக ஆட்களை எடுப்பது இதுதான். இரவு பகலாக ஓடும் ஆலையில் வாரத்துக்கு 168 மணி நேரம் லேப் திறந்திருக்க வேண்டும். ஒரே ஒரு நாற்காலியை நிரப்பவே குறைந்தது 4 பேர் தேவை. டேங்கர் வாசலில் நிற்கும்போதே பாலின் கொழுப்பைச் சொல்லியாக வேண்டும், இறக்கிய பிறகு சொல்லிப் பயனில்லை. எனவே சாம்பிள் எங்கும் போகாது. ஆனால் ஆள் குறையலாம். பெரிய சிமெண்ட் ஆலைகள் சிலவற்றில் சாம்பிளை அரைத்து, வில்லையாக அழுத்தி, எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் எக்ஸ்ரே ஃப்ளோரசன்ஸ் கருவிக்குள் வைப்பதுவரை ரோபோ செய்கிறது. தானியத்தின் புரதத்துக்கு 1883இல் வந்த கெல்டால் முறையில் மணிக்கணக்காகக் காய்ச்சிய இடத்தில், இப்போது அகச்சிவப்புக் கருவி ஒரு நிமிடத்தில் எண்ணைக் காட்டிவிடுகிறது. இன்னொரு சிக்கல், ஆலை மூடினால் ஒரே அனுபவமுள்ள பத்துப் பேர் ஒரே நாளில் வேலை தேடி அதே வட்டாரத்தில் நிற்பார்கள்.

தனியார் டெஸ்டிங் லேபில் கற்றுக்கொள்வது ஏராளம். காலையில் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஈடிடிஏ டைட்ரேஷன் (அளவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது), மதியம் தீவனத்தில் புரதம், சாயங்காலம் எண்ணெயில் அமில அளவு. சோதனை லேப்களுக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் உள்ள லேபாக இருந்தால், எந்தச் சோதனைக்கு யார் தகுதி பெற்றவர் என்பதை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவில் உங்கள் பெயர் எத்தனை முறைகளுக்கு நேரே இருக்கிறதோ, அத்தனை வேலைகளுக்கு அடுத்த இடத்தில் வாய் திறக்கலாம். ஆனால் ஐஸ் பெட்டி ஆபத்து இங்கேதான் அதிகம். நைட்ரிக் அமிலம் சேர்த்த தண்ணீர் சாம்பிள் உலோகச் சோதனைக்கு மாதக்கணக்கில் தாங்கும். விலையுயர்ந்த கருவியை இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று எந்த முதலாளி வாங்குவார்? நாளடைவில் உள்ளூர்க் கிளை வெறும் சாம்பிள் வாங்கும் கவுண்டராகிவிடலாம்.

தண்ணீர், கழிவுநீர் லேபில் இடம் கிடைப்பது அரிது, வளர்ச்சியும் மெதுவாகத்தான் இருக்கும். சரி, அதை ஏன் பார்க்க வேண்டும்? குடிநீரில் மிச்சமிருக்கும் குளோரினை எடுத்த இடத்திலேயே அளக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கும், தண்ணீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று பார்க்கும் பிஓடிக்கும் சாம்பிள் நாள்கணக்கில் காத்திருக்காது. சட்டம் கேட்கும் சோதனை என்பதால் சந்தை படுத்தாலும் இது நிற்காது. ஒரே தொல்லை அந்த பிஓடிதான்: 20 டிகிரியில் 5 நாள். செவ்வாய்க்கிழமை வைத்தால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள்தான் வந்து பார்க்க வேண்டும்!

கல்லூரி லேப் உதவியாளர் வேலையும் உண்டு. நிம்மதியானதுதான், ஆனால் அங்கிருந்து ஆலைக்குத் தாவுவது கஷ்டம்.

என் கணக்கு இது: வயது இருக்கும்போது 2, 3 வருடம் தனியார் லேபில் கை பழகிவிட்டு, கண்ணைத் தண்ணீர் லேபின் மேல் வைத்திருப்பேன். வீட்டில் உடனே பணம் தேவையென்றால் ஆலை. ஆனால் ஷிப்டில் கருவியின் பட்டனை அழுத்துவதோடு நிற்காமல், கருவி சரியாகக் காட்டுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் கேலிபரேஷனையும் டைட்ரேஷனையும் கேட்டு வாங்கிச் செய்ய வேண்டும்.

எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும், லேபைச் சுற்றிக் காட்டும்போது ஒன்றைக் கேளுங்கள்: நேற்று வந்த சாம்பிள்களில் எத்தனை இங்கேயே முடிந்தன, எத்தனை வெளியே போயின?